வீட்டிற்கு வந்த ஒளியிழை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால், மின்கம்பத்திற்கு மின்கம்பம் கறுப்பு நிறக் கம்பிகள் கொடிகளைப் போலத் தொங்குவதைக் காணலாம். அவற்றுள் பல மின்சாரம் சுமப்பவை அல்ல. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பிகளும் அல்ல. தலைமயிரினும் சற்றே பருத்த ஒரு கண்ணாடி இழை அவற்றின் உள்ளே இருக்கிறது. அந்த இழைக்குள் ஒளி ஓடுகிறது. அவ்வொளியே நம் வீடுகளில் பாடமாகவும், படமாகவும், வெளியூர் உறவினரின் குரலாகவும் மாறுகிறது.

எங்கள் வீட்டிற்கு இந்த இழை வந்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. 2021 ஆம் ஆண்டு நடுவில், கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில், தெருவிற்குக் கேபிள் தொலைக்காட்சி கொடுத்து வந்தவரே இதையும் இழுத்துக் கொடுத்தார். அன்று என் தாயார், "ஏம்மா, இந்த ஒயர்ல கரண்டு போவுதா? தொட்டா ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார். கரண்டு போகவில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படியானால் வேறு என்ன போகிறது, எப்படிப் போகிறது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு இரண்டு ஆண்டு இயற்பியல் தேவைப்பட்டது. அதையே இங்கு எழுத முற்படுகிறேன். கூடவே, இத்தனை ஆண்டுகளில் இந்த இணைப்பு எப்போதெல்லாம் நின்றது, ஏன் நின்றது என்று பழைய கணக்கு நோட்டு ஒன்றில் குறித்து வந்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளும் நண்பர்களுக்குப் பயன்படக் கூடும்.

ஒளி வளையுமா?

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அப்படியிருக்க, தெருமுனையில் திரும்பி, கம்பத்தைச் சுற்றி, சன்னல் வழியாக நுழையும் இழைக்குள் அது எங்ஙனம் வருகிறது? இதற்கு விடை 1841 லேயே கிடைத்துவிட்டது. ஜெனீவா நகரில் கொல்லாடன் என்ற விஞ்ஞானி, தொட்டியிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தினார். ஒளி நீரை விட்டு வெளியேறாமல் நீரோடு சேர்ந்து வளைந்து இறங்கியது. 1854 இல் இலண்டனில் ஜான் டிண்டால் இதே சோதனையைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். உண்மையில் ஒளி வளையவில்லை. நீரின் உட்புற எல்லையில் மோதி மோதித் திரும்புகிறது. இதுவே முழு அகப் பிரதிபலிப்பு.

அடர்வு மிக்க ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்திற்கு ஒளி செல்லும்போது, படுகோணம் ஓர் அளவை மிஞ்சினால் ஒளி வெளியேறாமல் முழுவதும் திரும்பிவிடும். அந்த அளவு மாறுநிலைக் கோணம். நீருக்கும் காற்றுக்கும் இடையே இது ஏறத்தாழ 49 பாகை. சாதாரணக் கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே 42 பாகை. ஒளியிழையில் கண்ணாடியைச் சூழ்ந்திருப்பது காற்றன்று, மற்றொரு கண்ணாடி. நடுவில் உள்ள உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.468 என்றால், அதைச் சுற்றியுள்ள உறையின் எண் 1.463 என்ற அளவில் இருக்கும். வேறுபாடு மிகச் சிறிது. கணக்கிட்டால் மாறுநிலைக் கோணம் 85 பாகைக்கு மேல் வருகிறது. அதாவது இழையின் அச்சை ஒட்டி, ஏறக்குறைய 5 பாகைக்குள் செல்லும் ஒளி மட்டுமே உள்ளே நிற்கும். இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிவது இதனால்தான். இச்செய்தியைப் பின்னர் எங்கள் வீட்டுச் சுவரிலேயே காணப் போகிறோம்.

உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். உறையோடு சேர்த்து 125 மைக்ரான். இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளியைக் கதிராக எண்ணுவது முழுவதும் பொருந்தாது, அலையாகவே கொள்ள வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் திருத்தினார். அந்தக் கணக்கு இக்கட்டுரைக்கு மேற்பட்டது.

இத்துறையில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகா என்ற ஊரில் 1926 இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்சு என்பாருடன் சேர்ந்து, இழைக்கற்றை ஒன்றின் வழியே ஓர் உருவத்தை அனுப்பிக் காட்டி, 1954 இல் கட்டுரை வெளியிட்டார். 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவரும் அவரே. ஆயினும் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே மங்கிவிட்டது. குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் இருக்கிறது என்று 1966 இல் சார்லஸ் காவ் தம் துணைவர் ஹாக்ஹாமுடன் எழுதினார். கிலோமீட்டருக்கு இழப்பை 20 டெசிபெல்லாகக் குறைத்தால் போதும், செய்தி அனுப்பலாம் என்பது அவர் கணக்கு. நான்கே ஆண்டுகளில், 1970 இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் 17 டெசிபெல் இழையைச் செய்துவிட்டனர். காவ் அவர்களுக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்குக் கிடைக்கவில்லை. 2020 இல் மறைந்த அவருக்கு, மறுஆண்டில் நம் நாட்டின் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

டெசிபெல் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். 3 டெசிபெல் இழந்தால் ஒளி பாதியாகும். 10 இழந்தால் பத்தில் ஒன்றாகும். 20 இழந்தால் நூறில் ஒன்றாகும். காவ் வேண்டியது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும் என்பதே. இன்றைய நல்ல இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல், நூற்றில் 95 பங்கு மிஞ்சுகிறது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தை நெருங்கும் அளவான 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி இருக்கும் என்றால், அது எத்தகைய தூய கண்ணாடி என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாமல்லபுரத்துப் பாறைமேல் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அது எழுவதற்கு முன் அருகிலுள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்களாம். அந்த ஒளி வெட்டவெளியில் விரிந்து விரிந்து மெலிவது. தூரம் இரட்டித்தால் வலிமை நான்கில் ஒன்றாகும். இழைக்குள் சிக்கிய ஒளிக்கு விரிய இடமில்லை. அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

நிலையத்திலிருந்து வீடு வரை

எங்கள் பகுதிக்கான இணைப்பு நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வழியில் கம்பத்தின்மேல் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. ஓர் இழையில் வரும் ஒளியை 8 ஆக, 16 ஆக, 32 ஆகப் பிரிக்கும் கருவி அதனுள் உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. வாய்க்கால் மடை நீரைப் பிரிப்பதுபோல் ஒளியைப் பிரித்துவிடுகிறது. இதில்தான் பெரும் இழப்பு. 32 ஆகப் பிரித்தால் ஏறத்தாழ 17 டெசிபெல் போய்விடும். பத்துக் கிலோமீட்டர்க் கண்ணாடி தின்னுவது இரண்டு, இரண்டரை டெசிபெல்தான். தூரத்தைவிடப் பங்கீடே செலவு மிக்கது!

நிலையத்தில் 2 மில்லிவாட் அளவில் கிளம்பும் ஒளி, பங்கிட்டு, ஓடி, இணைப்புகளில் சிறிது சிந்தி, எங்கள் வீட்டை அடையும்போது ஏறத்தாழ 10 மைக்ரோவாட். இருநூறில் ஒரு பங்கு. பழுது பார்க்க வருபவரின் அளவுமானி இதை 'மைனஸ் 20' என்று காட்டும். மைனஸ் 27 வரை, அதாவது 2 மைக்ரோவாட் வரை இறங்கினாலும் மோடம் சமாளித்துக்கொள்ளும். அதற்குக் கீழே சென்றால் சிவப்பு விளக்குச் சிமிட்டத் தொடங்கும்.

வரும் செய்தியும் போகும் செய்தியும் ஒரே இழையில் எதிரெதிராகச் செல்கின்றன. மோதிக்கொள்ளாதிருக்க, வருவதற்கு 1490 நானோமீட்டர் அலைநீளமும் போவதற்கு 1310 நானோமீட்டர் அலைநீளமும் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் அகச்சிவப்பு; கண்ணுக்குத் தெரியா. நிலையத்திலிருந்து வருவது எல்லா வீட்டுக்கும் பொதுவாகவே வருகிறது. ஒவ்வொரு மோடமும் தனக்குரிய பூட்டிய கடிதத்தை மட்டும் திறந்துகொள்கிறது. வீடுகளிலிருந்து போவது முறை வைத்துப் போகிறது. நியாயவிலைக் கடை வரிசைதான். ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர். முறை மாறும் நேரம் நொடியில் மிகச் சிறு பகுதியாதலால் நமக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலும் இவ்வகை அமைப்பில் கீழ்நோக்கி வரும் மொத்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். 32 வீடுகள் ஒரே நேரத்தில் முழுவதும் இழுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட் வரும். இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போதும் 50 மெகாபிட் இணைப்புத் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் பெரும்பாலான நாள் அப்படித்தான் இருந்தது. தடுமாறிய நாள்களில் குற்றம் இழையில் இருந்ததில்லை.

நோட்டுப் புத்தகம் சொல்வது

என் நோட்டைப் புரட்டினால் மிகுதியாக வரும் சொல் 'கரண்ட் இல்லை' என்பதே. இழைக்கு மின்சாரம் வேண்டாம். கம்பத்துப் பெட்டிக்கும் வேண்டாம். ஆனால் வீட்டு மோடத்திற்கு வேண்டும். அதற்கு 12 வோல்ட் போதும். சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி இடையில் மாட்டியபின், தெருவே இருளில் இருக்கும்போதும் எங்கள் வீட்டில் இணைப்பு ஓடியது. நிலையத்தில் மின்சாரம் இருக்கும் வரையில் இது நடக்கும். அப்பா இதைப் பார்த்து, "வெளக்கு எரியல, நெட்டு மட்டும் எரியுதே" என்றார்.

மின்செலவைப் பற்றியும் அவருக்குக் கவலை இருந்தது. மோடம் சுமார் 10 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 யூனிட், இரண்டு மாதத்திற்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதில் ஏழில் ஒரு பங்கை மோடம் எடுத்துக்கொள்கிறது. இரவில் அணைத்து வைக்கலாமே என்றால், அணைக்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை.

அடுத்தது புயல். 2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தெருவெங்கும் வேப்பங்கிளைகளும் சவுக்கு மிலாறுகளும். எங்கள் கம்பி ஒரு கிளையின் கீழ் அறுந்து கிடந்தது. மின்சாரம் திரும்பிய பிறகும் மோடத்தில் சிவப்பு விளக்கு. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பாடக்குறிப்புகள் எல்லாம் இணையத்தில் இருந்தன. கம்பம் நிமிர்ந்தால்தான் கம்பி நிமிரும், ஆகவே காத்திருந்தோம்.

அறுந்த கண்ணாடியை ஒட்டுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒட்டுபவர் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மேலுறையை உரித்து, இழையைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சிறு கருவியில் வைத்து முனையைச் செங்குத்தாக ஒடித்தார். அறுப்பதில்லை, கீறி ஒடிப்பதுதான் முறை. பின்னர் இரு முனைகளையும் ஒட்டுப்பொறிக்குள் வைத்தார். அதன் சிறு திரையில் இரண்டு தூண்கள்போல் இழைகள் பெரிதாகத் தெரிந்தன. பொறி தானே அவற்றை நேர்ப்படுத்தி, மின்பொறி ஒன்றைப் பாய்ச்சியது. கண்ணாடி உருகி ஒன்றாயிற்று. நன்றாக ஒட்டினால் இழப்பு 0.1 டெசிபெல்கூட இராது. அதன்மேல் ஒரு குழாயைச் செருகிச் சூடு காட்டிச் சுருக்கி முடித்தார். துண்டு இழையை எடுத்து நான் கண்ணருகே கொண்டுபோனபோது, "பாப்பா, லைன்ல இருக்கறத மட்டும் அப்படிப் பாக்காத. வெளிச்சம் தெரியாது, கண்ணு போய்டும்" என்று எச்சரித்தார். சரியான எச்சரிக்கை. அகச்சிவப்பு ஒளிக்குக் கண் கூசுவதில்லை, கூசாததே ஆபத்து. தரையில் சிந்திய கண்ணாடித் துணுக்குகளையும் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தார். அவை காலில் ஏறினால் கண்டுபிடிப்பது அரிது.

மூன்றாவது, மடிப்பு. ஒரு பொங்கலுக்கு வீட்டிற்கு வெள்ளையடிக்க வந்தவர், தொங்கிய கம்பியை இடைஞ்சல் என்று எண்ணிச் சன்னல் ஆணியில் இறுக்கிச் சுற்றிவிட்டுப் போனார். அதன்பின் இணைப்பு முழுவதும் நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது. இதுதான் தொல்லை மிகுந்த நோய். அண்ணன் வந்து அளந்தால் மைனஸ் 27 ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து அவிழ்த்து, தட்டு அளவு வளையமாகச் சுற்றி மாட்டியதும் மைனஸ் 20 க்குத் திரும்பியது. ஏழு டெசிபெல், அதாவது ஐந்தில் நான்கு பங்கு ஒளி, அந்த ஆணியைச் சுற்றிச் சுவரில் கசிந்துகொண்டிருந்திருக்கிறது! கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி எல்லையில் மோதும் கோணம் மாறுநிலைக் கோணத்திற்குக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே கண்ட 5 பாகைக் கணக்கை இங்கு நினைவு கொள்க.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு சொல். கடற்கரை ஊர்களில் செம்புத் தொலைபேசிக் கம்பியின் இணைப்புகள் பச்சைக் களிம்பேறி, மழைக்காலத்தில் இரைச்சல் போடும் என்று பெரியவர்கள் கூறுவர். கண்ணாடி துருப்பிடிப்பதில்லை. ஆனால் கம்பியைத் தாங்க அதன் இரு பக்கமும் வைத்திருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கிறது. எங்கள் கூரையோரத்தில் அது துருவேறி உறையைப் பிளந்துவிட்டது. அந்தப் பகுதியை மாற்ற வேண்டி வந்தது. அணிலின் பல்லுக்கும், சாலை தோண்டும் இயந்திரத்திற்கும் இழை தப்பவில்லை. மோடத்திற்கு மின்சாரம் தரும் அடாப்டர் ஒருமுறை புகைந்தது. நான்கு ஆண்டில் கெட்டவை இவையே: ஆணி, கம்பம், எஃகு, அடாப்டர். கண்ணாடி தானாக ஒருநாளும் கெடவில்லை.

'நெட் ஸ்லோ' என்று தம்பி முறையிடும் நாள்களில் பெரும்பாலும் குற்றவாளி வைஃபை. இழை மோடத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் வருவது வானொலி அலை. எங்கள் வீட்டுப் பின்னறைக்கு இரண்டு செங்கற்சுவர்களைக் கடந்து போக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவருக்குப் பணிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, சுவரை ஓரளவு கடக்கும். மோடத்தைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து நடுவாசற்படிக்கு மேல் மாட்டியதில் பாதி முறையீடு தீர்ந்தது. இதற்கு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இணைப்பு நின்றால் முதலில் மோடத்தின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். எந்த விளக்கும் எரியாவிடில் மின்சாரம் அல்லது அடாப்டர். எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்குச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. மடிப்போ அறுப்போ இருக்கிறது. பச்சை விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லையென்றால் கோளாறு நிலையத்திலோ கணக்கிலோ இருக்கும், பணம் கட்டினோமா என்பது உட்பட. இதைச் சொல்லித் தொலைபேசி செய்தால் பழுது பார்ப்பவர் சரியான கருவியோடு வருகிறார்; "நெட் வரல" என்று மட்டும் சொன்னால் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

கடலுக்கு அடியிலும்

எங்கள் தெரு இழை சிறு கிளைதான். அடிமரம் கடலுக்குள் இருக்கிறது. சென்னைக் கரையிலிருந்து வெளிநாடுகளுக்கு இழைகள் செல்கின்றன. சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர்க் கடலடி இழை 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை – சிங்கப்பூர்க் கடலடி இழையைக் கடக்க ஒளிக்கு நொடியில் ஆயிரத்தில் 16 பங்கு போதும். 2022 ஜூலை இறுதியில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, அங்கு நகர்த்திய காயை உலகம் முழுவதும் உடனுக்குடன் பார்த்தது. நாங்களும் வீட்டில் பார்த்தோம். சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த ஆட்டம் எத்தனை ஊர் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்ததோ!

இவ்வளவுக்கும் எங்கள் வீடு கொடுப்பது மாதம் 500 ரூபாய். 18 விழுக்காடு வரியோடு 590. முன்பு ஒரே கைப்பேசியை நானும் தம்பியும் பகிர்ந்து, அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றால் பாடமின்றி இருந்தோம். அதை நினைத்தால் 590 அதிகமில்லை. ஆனால் கூலி வேலை செய்யும் வீட்டில் அது சிறு தொகையுமன்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வருகிறது. அதிலிருந்தே இதைக் கட்டுகிறேன். மீதி 410 இல் பேருந்துக் கட்டணம் இல்லாததால் புத்தகமும் பிரதியெடுப்பும் அடங்கிவிடுகின்றன. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம், வருமானச் சான்று, உதவித்தொகை எல்லாம் இணையவழி ஆகிவிட்டபடியால், மே மாதத்தில் எங்கள் திண்ணை பக்கத்துத் தெருப் பிள்ளைகளால் நிரம்புகிறது. கடையில் கொடுக்கும் காசு அவர்களுக்கு மிச்சம்.

நம் ஆய்வகத்தைப் பற்றி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். புயலில் அறுந்து எறியப்படும் இழைத் துண்டுகள் கேபிள்காரர்களிடம் விலையின்றிக் கிடைக்கும். ஒரு சிவப்பு லேசர் விளக்கும் ஒரு பென்சிலும் இருந்தால், பென்சிலில் இழையைச் சுற்றும்போது ஒளி பக்கவாட்டில் கசிவதை இருட்டறையில் கண்ணாலேயே காட்டலாம். அந்த அண்ணனை ஒருநாள் அழைத்து ஒட்டுப்பொறியையும் காட்டச் சொல்லலாம். கேட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு என் படிப்பு முடிகிறது. உதவித்தொகையும் அத்தோடு நிற்கும். தம்பி அப்போது பொதுத் தேர்வு எழுதுவான். 590 ரூபாய் எதிலிருந்து வரும் என்று அம்மா இப்போதே கேட்கிறார். வேகம் குறைந்த 30 மெகாபிட் திட்டத்திற்கு மாறிக்கொள்ளலாம், பாடம் பார்க்க அது போதும் என்பது என் கணக்கு. தம்பி ஒப்பவில்லை.